பல்கனியில் ஒரு வெள்ளைப் புள்ளி

என் கலியாண அல்பத்தில் அப்பா ஒரேயொரு படத்தில்தான் இருக்கிறார். படப்பிடிப்பாளர் மேடையில் ஏறி முழு மண்டபத்தையும் எடுத்த படம் அது. அதிலும் அப்பா அரிசிமணி அளவு வெள்ளைப் புள்ளி. அல்பம் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் விரலால் தொட்டு, "இந்தா, இதுதான் அப்பா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு தியேட்டர் இருந்தது. சனிக்கிழமைகளில் பின்னேரப் படத்துக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல், வேலை முடிந்து கந்தோரிலிருந்து நடந்தே வருகிற மனிதர், படத்துக்கென்றால் மட்டும் பல்கனிதான். திரைக்குக் கிட்ட, கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய மலிவு இருக்கைகளுக்குக் கலரி என்று பெயர். அங்கே விசிலடிப்பார்கள், வெற்றிலை துப்புவார்கள். "கலரியிலை இருக்கிறதெண்டால் வீட்டிலை இருக்கலாம்" என்பது அப்பாவின் வேதவாக்கு.

யுத்தம் முற்றியபோது, குண்டுப் பயத்தில் சனம் கூட்டமுள்ள இடங்களுக்குப் போவதை விட்டது. தியேட்டர் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு கிறிஸ்தவ சபை அதை வாங்கித் தேவாலயமாக்கி, திரை இருந்த இடத்தில் சிலுவையை வைத்தது. நான் விரும்பிய கொட்டாஞ்சேனைக்காரரின் குடும்பம் அந்தச் சபைதான். கலியாணமும் அங்கேதான் என்று முடிவானது.

அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். பெண்ணின் தகப்பன் மகளைக் கைபிடித்துக் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றதும், "முன்வரிசை எண்டால் கலரியெல்லோ?" என்றார்.

"இஞ்சை பாருங்கோ, இப்ப அதுதான் மரியாதையான இடம்" என்றார் அம்மா.

"சிலுவையை வைச்சாப்போல கலரி பல்கனியாகுமோ? நான் மேலை இருக்கிறன்."

மகளுக்குக் கோயிலில் தாலி ஏறப்போவதில்லை என்ற கோபத்தை வாய் திறந்து சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவார்? அதைக் கொண்டுபோய்க் கலரியின் தலையில் கட்டினார். இரண்டு மாதம் கெஞ்சினேன். யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால் சொந்தக்காரர் ஒருவரும் வர வழியில்லை. என் பக்கத்துக்கு இருந்ததே இந்த இரண்டு பேர். அதில் ஒருவர் கலரியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

கலியாணத்தன்று வெள்ளை வேட்டி சால்வையோடு எங்களுடன் வந்தார். மனம் மாறிவிட்டார் என்று நம்பினேன், மடைச்சி. அந்தக் காலத்தில் டிக்கெட் கிழித்தவர்தான் இப்போது தேவாலயக் காவலாளி. அப்பாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில், "ஐயாவுக்குப் பல்கனிதானே" என்று மாடிக்கதவைத் திறந்துவிட்டார். அப்பா ஏறிப் போய்விட்டார். நான் தனியாக நடந்தேன். முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை. அதைப் பார்க்காத மாதிரிக் கடந்து போனேன்.

சாப்பாட்டு மேசையில், "மேலையிருந்து வடிவாத் தெரிஞ்சது" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

போன மாதம் என் மகள் அந்தப் படத்தை போனில் எடுத்துப் பெரிதாக்கினாள். "அம்மா, அம்மப்பா கதிரையிலை இருக்கேல்லை, நிக்கிறார்" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கீழே சபை முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. பல்கனியில் அத்தனை கதிரைகளும் வெறுமையாகக் கிடக்கின்றன. அப்பா மட்டும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மணவறையில் பெண்ணின் தகப்பன் நிற்பதுபோல நேராக நிற்கிறார்.

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. நிற்கிறதென்றால் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றிருக்கலாமே, அப்பா.