பயில்வானுக்கு வந்த வெத்திலை

குஸ்திக்காரருக்கு வாக்கப்படுறது லேசுப்பட்ட காரியம்னு நினைச்சுக்கிறாதீக. அப்பெல்லாம் போடிநாயக்கனூர்ல திருவிழாவுக்குத் திருவிழா மண்ணைக் கொத்திப் பதமாக்கிக் கோதா போடுவாக. எங்க வீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கிட்டு உள்ள இறங்கினா ஊரே எந்திரிச்சு நிக்கும். நெல்லு வரும், வேட்டி வரும், வெள்ளிக்காப்பு வரும். மனுசன் மட்டும் வீட்டுக்கு வர மாட்டாக. குஸ்திக்கு நாள் குறிச்சாச்சுன்னா லங்கோட்டைக் கட்டிக்கிட்டுக் கோதாவுலயேதான் படுக்கை. பொண்டாட்டி முகத்துல முழிக்கக் கூடாது. பாலையும் நெய்யையும் வாசல்ல வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும் நான். நல்லாருக்குல்ல கதை? எங்க மூத்தவ அவுகளைப் 'பயில்வான்'னுதான் கூப்பிடுவா. அப்பான்னு கூப்பிடத் தெரியலை அந்தச் சிறுக்கிக்கு.

ஒரு பங்குனியில கழுத்துல அடி விழுந்துச்சு. செயிச்சுதான் வந்தாக, பெருமைக்குக் கொறச்சலில்லை. ஆனா அதுக்கப்புறம் தலையைத் திருப்ப முடியலை. எலும்பு கட்டுற வைத்தியர் என்னையத் தனியாக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கழுத்துல விழுந்தா ஆளு பொழைக்கிறதே கஷ்டம்மா"ன்னுட்டாரு. ஓட்டமா வீட்டுக்கு வந்தேன். அவுககிட்டச் சொன்னா, "பாப்போம் புள்ள"ங்கிறாக. என்னத்தைப் பாக்குறது?

அழுது, சண்டை போட்டு, அடுப்புப் பத்தவைக்காமக் கிடந்து, மழைக்காலம் முடியிற வரைக்கும்னு சொல்லி மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். போடிமெட்டுக்கு மேல ஒரு ஏலத்தோட்டம். பச்சைக்காயை வெறகுச் சூட்டுல உலர்த்துற ஸ்டோருல தீ போடுற சோலி அவுகளுக்கு.

அந்த நாளெல்லாம் கனவா நெசமான்னு இப்பவும் எனக்குத் தெரியலை. மேகம் குடிசைக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். பிள்ளைக ரெண்டும் வாசல்ல இறங்கினா ஆளைக் காணோம், சிரிப்பு மட்டும் எங்கிட்டோ கேக்கும். தலைமுடியில ஏலக்காய் வாசம், சோத்துல ஏலக்காய் வாசம், தூக்கத்துலயும் அதே வாசம். மத்தியானத்துல அவுக ஸ்டோரு சுவத்தோரம் கதகதப்புல படுத்திருப்பாக. நெஞ்சு மேல சின்னவ. அவுக மூச்சு விட விட அவளும் ஏறி ஏறி இறங்குவா. நான் கையில எடுத்த வேலையை அப்படியே போட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். கண்ணை மூடித் திறந்தா எல்லாம் கரைஞ்சிரும்போல இருக்கும்.

ஆனா உறக்கத்துலயும் அவுக கை தானாத் தொடையைத் தட்டும். பட்டுன்னு சத்தம் கேக்கவும் சின்னவ கெக்கெக்கேன்னு சிரிப்பா. நான் ஓடிப்போயி அந்தக் கையைப் பிடிச்சுக்கிருவேன். மழை விட்டா மனுசன் கோதாவுக்கு இறங்கிருவாகளோ?

மழை விடுறதுக்கு முன்னாடியே கீழயிருந்து ஒருத்தன் வந்துட்டான். கையில தாம்பாளம். "மதினி, அண்ணனுக்கு வெத்திலை கொண்டாந்திருக்கேன்"ன்னான். அனுப்பினது கம்பத்துப் பக்கம் புதுசா ஒரு பயில்வானாம், இளவட்டமாம். எங்க பக்கத்து வழக்கம் இதுதான்: குஸ்திக்குக் கூப்பிடுறவுக வெத்திலை பாக்கு அனுப்புவாக. எடுத்துட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தம், எடுத்தவுக இறங்கியே ஆகணும். எடுக்காமத் திருப்பி அனுப்பினா பயந்தாங்கொள்ளின்னு பேரு.

அவுக வெறகுக்குப் போயிருந்தாக. வர்ற வரைக்கும் இருக்கேன்னு அவன் தாம்பாளத்தை என் முன்னால வச்சுட்டு உக்காந்தான். கொழுந்து வெத்திலை, ஈரம்கூடக் காயலை. எனக்கு என்ன வேகம் வந்துச்சோ, ஒண்ணை எடுத்துக் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, பாக்கோட வாயில போட்டு மென்னுட்டேன்.

"ஐயையோ மதினி! அது அண்ணனுக்கு!"

"எடுத்தது நானு. எடுத்தவுகதானப்பு இறங்கணும்? நாளைக் குறிக்கச் சொல்லு, சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு நானே வர்றேன்."

அவன் முழிச்ச முழி இருக்கே! பொம்பளையோட மல்லுக்கு நின்னவன்னு பேரெடுக்க எந்த இளவட்டம் வருவான்? தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு வெரசா இறங்கிட்டான்.

அவன் தலை மறைஞ்சதும்தான் எனக்கு உறைச்சுது. பொண்டாட்டி முந்தானைக்குள்ள ஒளிஞ்சவன்னு ஊரு சிரிக்குமே அவுகளை. வஞ்சாலும் வாங்கிக்கிருவோம்னு வாசல்லயே நின்னேன்.

வந்தாக. வெறகுக் கட்டைப் போட்டுட்டு என் செவந்த வாயைப் பாத்தாக. ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். அவுகளுக்குக் கோவமே வரலை. அப்படியே ஈரத்தரையில உக்காந்துட்டாக.

"அவன் வழியிலயே என்னையப் பாத்துட்டான் புள்ள. தாம்பாளத்தை நீட்டினான். எடுக்கவும் கை வரலை, வேண்டாம்னு சொல்லவும் வாய் வரலை. வீட்டுல போயி இருன்னு நாந்தான் அனுப்பி வச்சேன். அவன் இறங்கிப் போற வரைக்கும் அந்தா, அந்தப் பலாமரத்தடியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

எத்தனை பேரை அலாக்காத் தூக்கிப் போட்ட ஆளு! ஒத்தை வார்த்தைக்கு வழியில்லாம மழையில நின்னிருக்காக.

"இனிமே போக வேண்டாம்ல புள்ள?"ன்னாக, ஏதோ இத்தனை நாளும் நான்தான் அனுப்பி வச்ச மாதிரி.

"வேண்டாம்"னேன். எனக்கு அழுகை பொங்கிருச்சு.