ஒன்றரை அடி ஏரி

வெர்லா புருஷனை விட்டுப் பிரிந்ததற்குக் காரணம் ஒரு டிரெய்லர்தான் என்று என்னிடம் சொன்னது, குளியலறைக் கட்டட வரிசையில் எனக்கு முன்னால் துண்டோடு நின்ற ஒரு பெண். அவளுக்குச் சொன்னது ஐஸ் விற்கும் ஜன்னலில் இருப்பவர். டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது வெர்லா கை காட்டியதைப் பார்க்காமல் புருஷன் ஒரு பைன் மரத்தில் இடித்தாராம். வெர்லா அங்கேயே கைப்பையை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைவரை நடந்தவர்தானாம், திரும்பவே இல்லையாம். ஆறு வருடமாகப் பக்கத்து இடத்தில் கேம்ப் போடும் உரிமையில் ஒருநாள் வெர்லாவிடமே நேராகக் கேட்டுவிட்டேன்.

"முழுசாப் பொய்யில்ல கண்ணு," என்றார். "ஆனா அது பைன் இல்ல, மேப்பிள்."

மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பார்க்கில் மதியம் மூன்று மணிக்குத்தான் புது ஆட்களை உள்ளே விடுவார்கள். இரண்டே முக்காலுக்கெல்லாம் பழைய ஆட்கள் நாற்காலிகளைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டுவிடுவார்கள். வண்டிக்குப் பின்னால் வீடு மாதிரி இழுத்துவரும் முப்பதடி நீள டிரெய்லரை இரண்டு மரங்களுக்கு நடுவே பின்பக்கமாகத் தள்ளி நிறுத்துவதைவிடப் பெரிய வேடிக்கை எங்களுக்கு ஜூலையில் கிடையாது. கணவன் வண்டிக்குள். மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள். "லெஃப்டுன்னா உன் லெஃப்டா, என் லெஃப்டா?" என்று தொடங்கும். பத்தாவது நிமிடத்தில் மாமியார் பெயர் வந்துவிடும்.

மாமியார் பெயர் வரும்வரைதான் வெர்லா பொறுத்துக்கொள்வார். பிறகு கோப்பையைக் கீழே வைத்து, நாற்காலிக் கையில் தொங்கும் மஞ்சள் ரப்பர் உறைகளை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு கிளம்புவார். பாத்திரம் கழுவும் உறைதான். வண்டிக் கண்ணாடியில் பளிச்சென்று தெரியுமாம். எழுபத்திரண்டு வயது, ஐந்தடிக்குக் குறைவான உயரம், ஆண்கள் போடும் மீன்பிடித் தொப்பி, சாக்ஸுக்கு மேல் செருப்பு. முப்பத்தோரு வருடம் மஸ்கீகன் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மனைவியிடம், "நீ போய் ஏதாவது கொறி தாயி, புருஷன் உனக்கு வேணும்ல?" என்பார். கணவனிடம், "தம்பி, என் மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு. கை தெரியலன்னா நிறுத்து," என்பார். நான்கு நிமிடத்தில் டிரெய்லர் உள்ளே போய்விடும். யாரும் நன்றி சொல்வதற்குள் தன் நாற்காலிக்கு வந்துவிடுவார்.

அந்த நாற்காலி ஏன் அந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பதுதான் விஷயம்.

வெர்லாவின் இடத்துக்கு எண் அறுபத்தொன்று. சாலைக்கு அந்தப் பக்கம், ஏரியை ஒட்டி, அறுபத்திரண்டு. பார்க்கிலேயே நல்ல இடம் அதுதான். மூன்று பக்கமும் மரம், நான்காவது பக்கம் தண்ணீர். பதினோரு வருடமாக ஜூலையின் அதே இரண்டு வாரம் அங்கே இருப்பவர்கள் கோர்டன் டைக்ஹவுஸும் அவர் மனைவி ஆர்லீனும். பதிவு ஆறு மாதம் முன்னால், ஜனவரியில், காலை எட்டு மணிக்குத் திறக்கும். டைக்ஹவுஸ் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர் ஒன்பது கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்களாம். "நான் ஒத்தை ஆளு," என்பார் வெர்லா, கட்டைவிரலைக் காட்டி. "இதுவும் வாதம் புடிச்ச விரல்." எட்டு மணி அடித்து மூன்று விநாடியில் அறுபத்திரண்டு போய்விடும். எஞ்சியதில் அவர் அறுபத்தொன்றை எடுப்பார். அங்கிருந்து பார்த்தால் கோர்டனின் சாய்வு நாற்காலிக்கும் ஐஸ்பெட்டிக்கும் நடுவே ஒன்றரை அடி அகலத்துக்கு ஏரி தெரியும். அந்த ஒன்றரை அடிக்காகத்தான் அவர் நாற்காலி அப்படிக் கோணலாகக் கிடக்கிறது.

காலையில் நீளக் காம்பு வைத்த இரும்பு அச்சுக்குள் ரொட்டியும் டின் செர்ரியும் வைத்து நெருப்பில் வாட்டித் தின்றுகொண்டே அவர் அறுபத்திரண்டை விமர்சிப்பார்.

"அவரு நாற்காலியில கோப்பை வைக்க ரெண்டு ஓட்டை. ஒரு மனுசனுக்கு எத்தனை வாய்?"

இன்னொரு நாள்: "பாரு, பாரு, ஏரிக்கு முதுகைக் காட்டிட்டுப் பேப்பர் படிக்கிறாரு. முதுகு! எனக்குக் குடுத்தா நான் கண்ணு சிமிட்ட மாட்டேன்."

கோர்டன் ஐஸ்பெட்டியை நான்கு விரற்கடை நகர்த்தி வைத்த அன்று மதியம்வரை வெர்லா யாரிடமும் பேசவில்லை.

ஒன்றே ஒன்றில்தான் குறை சொல்ல முடியாது. கோர்டன் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும் அழகு. கை காட்ட ஆள் வேண்டாம், ஒரே மூச்சில், மீனைக் கூடையில் போடுவது மாதிரி உள்ளே விடுவார். "அதுதாண்டி எனக்கு எரியுது," என்றார் வெர்லா ஒருமுறை, உறைகளை உதறியபடி. "பதினோரு வருசம். ஒரு தடவகூட அந்தாளுக்கு என் கை தேவைப்படல."

நான் இருப்பது அறுபத்து மூன்று. அங்கிருந்து எனக்குத் தெரிவது கோர்டனின் பிக்கப் வண்டியின் பின்பக்கம் மட்டும். வெர்லா குளிக்கப் போகும் நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒன்றரை அடியைப் பார்த்திருக்கிறேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அது மட்டுமில்லை. கிளம்பிப் போகிறவர்கள் மிச்சம் விறகை இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். எல்லாம் வெர்லாவின் இடத்துக்குத்தான் போகும். கதவுக்கு முன்னால் விறகு குவிந்து கிடக்கும். கலமசூவில் பதினான்கு வருடம் வாழ்ந்தும், ஒவ்வொரு முறையும் வாசல் பலகையில் இருக்கும் விதிகளை மூன்று தரம் படித்துவிட்டு உள்ளே வரும் என் இடத்தில் இதுவரை யாரும் ஒரு கட்டைகூடப் போட்டதில்லை.

இந்த வருடம் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை மாலை, மணல்மேட்டுப் படிக்கட்டில் கோர்டன் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. அவர்கள் பதிவு ஞாயிறுவரை இருந்தது. ஆள் முன்னதாகக் கிளம்பினால் அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு வாசல் அலுவலகத்தில் ஒரு தாள் உண்டு. பெயர் எழுதிவைத்தால் வரிசைப்படி ஃபோனில் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் அடுத்த பெயர்.

ஆம்புலன்ஸ் சத்தம் மறைவதற்குள் வெர்லா அலுவலகத்துக்குப் போய் வந்துவிட்டார். "வெக்கமாத்தான் இருக்கு," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "எழுதிட்டேன்."

"உங்களுக்குக் கீழ யாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் யாருமில்ல."

நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போய் எழுதிவிட்டு வந்தேன்.

எங்கள் பகுதியில் ஃபோனுக்கு சிக்னல் கிடைப்பது எங்கள் இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில்தான். அங்கே யாரோ ஒரு காபி டின்னை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதற்குள் இரண்டு ஃபோன்கள் இருந்தன, அவருடையதும் என்னுடையதும். ஆர்லீன் அலுவலகத்தில் காலி செய்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று செய்தி வந்தது. வெர்லா நாற்காலியை டின்னுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த நாற்காலி ஏரியைப் பார்க்கவில்லை.

பத்தே முக்காலுக்கு ஆர்லீன் பிக்கப்பில் ஏறினார். டிரெய்லரை இழுத்துப் போக, வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை டிரெய்லர் மூக்கில் இருக்கும் கிண்ணத்துக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். ஒரு விரல் தள்ளினாலும் மாட்டாது. முதல்முறை இரண்டடி தள்ளி நின்றது. இரண்டாம் முறை டிரெய்லர் மூக்கிலேயே இடித்தது. நாற்காலிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தன. ஆனால் யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழவும் இல்லை. மூன்றாம் முறையும் இடித்தது. எஞ்சின் நின்றது.

"ஐயோ, இந்தம்மா..." என்றார் வெர்லா. டின்னைப் பார்த்தார். நாற்காலிக் கையில் தொங்கிய உறைகளைப் பார்த்தார்.

"மகனக் கூப்பிட்டிருக்கலாம்ல," என்றேன் நான்.

"அவன் அரிசோனாவுல இருக்கான்." உறைகளை மாட்டத் தொடங்கியிருந்தார். "கண்ணு, அடிச்சாக் கூப்பிடு."

சாலையைக் கடந்து போய் ஜன்னலைத் தட்டினார். ஆர்லீன் அழுதுகொண்டிருந்தார். "எப்பவும் அவருதான் செய்வாரு வெர்லா. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"தெரியும். பதினோரு வருசமாப் பாத்துட்டுத்தான இருக்கேன். கண்ணத் துடை. அழுதா கண்ணாடி தெரியாது. இங்க முடிஞ்சதும் எவ்வளவு வேணாலும் அழு."

"எனக்கு வராது."

"என் மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு. ரெண்டு கைக்கும் நடுவுல எவ்வளவு இருக்கோ, அவ்வளவுதான் பாக்கி. அது மட்டும் பாரு."

டிரெய்லர் மூக்குக்குப் பக்கத்தில் போய், ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றார். மஞ்சள் கைகள் இரண்டும் மேலே போயின. மூன்றடி அகலம். வண்டி பின்னால் வர வர இரண்டடி, ஒன்றரை அடி. இடது கை கொஞ்சம் சாய்ந்தது. வண்டியும் சாய்ந்தது. ஓரடி.

அப்போது டின் அதிர்ந்தது. பழைய பஸ் ஹாரன் சத்தம். அவருடைய ஃபோன்தான்.

முதல் இரண்டு ஹாரனுக்கு நான் அசையவில்லை. டின்னுக்குள் என் ஃபோன் அவருடையதற்கு அடியில் சும்மா கிடந்தது. அவர் எடுக்காவிட்டால் அடுத்து அடிக்கப்போவது அது. மூன்றாவது ஹாரனில்தான் என் வாய் திறந்தது.

"வெர்லா! ஃபோன்!"

நிமிர்ந்து பார்த்தார். என்னை இல்லை, டின்னை. கைகளுக்கு நடுவே அரையடி இருந்தது. கண்ணாடியில் ஆர்லீனின் கண்கள் அந்த அரையடியிலேயே இருந்தன, வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஹாரன் நான்காம் தரம் அடித்தது, ஐந்தாம் தரம் அடித்தது. வெர்லா பார்வையைத் திருப்பிக்கொண்டு, இரண்டு மஞ்சள் உள்ளங்கைகளையும் இன்னும் ஒரு விரல் அளவு நெருக்கினார்.