கழுவாத சிப்பிகள்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மீன்பிடிக் குடும்பம். ஆனாலும் புரட்டாசி முடிந்துவிட்டால் திருவொற்றியூரில் எங்கள் அம்மா வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நட்சத்திரமும் மணியும் சம்மனசு என்கிற தேவதூதர் பொம்மையுமாக இறைந்து கிடக்கும். எல்லாம் சிப்பியில் செய்தவை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் அண்ணனும் அவன் மனைவியும் மட்டும்தான். அவள் என்னைவிட நாலு வயது சின்னவள். முறைக்கு நான் அவளை அண்ணி என்பேன், வயதுக்கு அவள் என்னை அக்கா என்பாள். கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும், எங்களுக்குப் பழகிவிட்டது.

விசிறி போல விரிந்த இரண்டு சிப்பி இறக்கை, அங்கிக்கு ஒரு சின்னச் சங்கு, தலைக்கு ஒரு வெள்ளை மணி. சம்மனசு தயார். மகளிர் குழுவில் ஒரே வாரம் சொல்லிக்கொடுத்ததை அண்ணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ராயபுரத்தில் மாதா கோயில் பக்கம் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.

சிப்பி கொண்டுவருவது அண்ணன். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். வலையில் மீனோடு ஏறும் சிப்பியையும் சங்கையும் மற்றவர்கள் திரும்பக் கடலிலேயே வாரிக் கொட்டுவார்கள். இவன் மட்டும் பொறுக்கி அரிசிப் பையில் கட்டி எடுத்துவருவான். "இன்னா மாமு, வூட்டுக்கு மீன் எட்துகினு போவாம குப்பைய எட்துகினு போற" என்று படகில் கிண்டல் நடக்குமாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கழுவுவதும் அவன்தான். சிப்பியைச் சுத்தம் செய்வது லேசான வேலை இல்லை. கொதிக்கவைத்து உள்ளே இருக்கும் சதையைத் தோண்டி எடுக்க வேண்டும், அந்த நாற்றம் குடலைப் பிடுங்கும். பிறகு ஆசிட்டில் முக்கி எடுத்தால்தான் மேலே அப்பியிருக்கும் பொருக்கும் பாசியும் போய்ப் பளபளப்பு வரும். அண்ணிக்கு இளைப்பு உண்டு. ஆசிட் நெடி பட்டால் மூச்சு இழுத்துக்கொள்ளும். அதனால் அவளை வெளியே அனுப்பிவிட்டு, பின்னால் துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனே முடித்துவிடுவான்.

கடைசியாக வந்தபோது அவனுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஐஸ் ஏற்றியாகிவிட்டது, உடனே வா என்று படகிலிருந்து ஆள் வந்துவிட்டது. பையைப் பின்னால் வைத்துவிட்டு, "நான் வந்து கழுவித் தரேன், நீ கை வெக்காத" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் படகு வந்தது. அவன் வரவில்லை. விடிகாலையில் முகம் கழுவப் படகின் பின்பக்கம் போனானாம், அப்புறம் பார்த்தால் ஆள் இல்லையாம். இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

மணலி புதுநகரில் என் வீட்டுக்காரருக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டு ஓடிவந்தவள் நான். வாசலில் கால் வைத்ததும் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அண்ணி எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"எதுக்கு அழுவுற? இது இன்னா எழவு வூடா? உங்கண்ணன் வரும்கா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அழக்கூடாது. உடல் கிடைக்காதவனுக்கு எத்தனை நாள் காத்திருந்து காரியம் செய்வது என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவளைத் தனியே விட மனம் வராமல் நான் அங்கேயே தங்கினேன். அவள் பொட்டை எடுக்க வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை, அப்படிச் சொல்ல வருகிறவர்களை நானே விரட்டியிருப்பேன். என் அண்ணன் படத்துக்கு ஒரு மாலை போட்டு, விளக்கு ஏற்றி, எதிரே உட்கார்ந்து வாய்விட்டு அழ வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் தங்கிய முதல் வாரம், அண்ணன் விட்டுப்போன அந்தப் பை அசைந்தது. துணி துவைக்கப் போன நான் என் கண்ணால் பார்த்தேன். கோணியின் ஒரு பக்கம் மெல்ல மேடாகி அடங்கும், உள்ளே நறநறவென்று ஏதோ பிறாண்டும். சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள்தான், துவைக்கிற இடத்து ஈரத்தில் இன்னும் சாகவில்லை, கடலோரத்தில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரிந்தும் மயிர் கூச்செறிந்தது. அண்ணி பையின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உசிரு கீதுக்கா" என்றாள். அடுத்த வாரம் அசைவு நின்றது, நாற்றம் ஆரம்பித்தது.

அவள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். பழைய சிப்பிகள் தீர்ந்ததும் எண்ணூர்க் கரையில் போய்ப் பொறுக்கிவந்தாள். அவற்றில் எண்ணெய்க் கறை கறுப்புக் கோடாக ஏறியிருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கறுத்த இறக்கையோடு சம்மனசை யார் வாங்குவார்கள்? ராயபுரத்து அம்மா போன் மேல் போன் போட்டார். பின்னால் ஒரு பை நிறையச் சிப்பி இருந்தது. மழையில் நனையாமல் அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடினாளே தவிர, அவள் அதைத் தொடவில்லை. சில நாள் காலையில் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் போய் நின்றால் எழுந்துவிடுவாள்.

ஒரு வெயில் நாளில் நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்துக் கத்தினார். "வூட்ல இன்னா பொணத்தயா வெச்சிக்கினு கீறீங்க? கலீஜா நாறுது!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், தலையை இழுத்துக்கொண்டார். பிணம் என்ற சொல்லை அந்த வீட்டில் முதன்முதலில் சொன்னது அவர்தான். அண்ணி கோந்து ஒட்டிய விரலைத் துடைத்தபடி, "உங்கண்ணன் வந்து கழுவிடும்கா" என்றாள், நாளைக்குப் பால்காரர் வருவார் என்பதுபோல.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அன்று வாயை அடக்கினேன், மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். அந்தப் பை இருக்கும்வரை இவள் நம்பிக்கொண்டேதான் இருப்பாள். என் அண்ணன் இப்படி மூட்டைக்குள் அழுகிக்கொண்டே கிடப்பான். கழுவிவிட்டால் நாற்றமும் போகும், சம்மனசுக்கும் சிப்பி கிடைக்கும், அவளுக்கும் புத்தி வரும். இதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் முடித்தவற்றைக் கொடுக்க அவள் ராயபுரம் போனாள். தெருவில் ஆசிட், பினாயில் விற்கும் வண்டி வந்தது. ஒரு கேன் வாங்கினேன். பையை அவிழ்த்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அலசினேன். நண்டெல்லாம் காய்ந்து கால் மட்டும் மிஞ்சியிருந்தது. கொதிக்கவைத்துச் சதையைத் தோண்டினேன். சிப்பிகள் அத்தனையும் மெல்லியவை, அவளுடைய இறக்கைக்கென்றே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான். அவற்றைக் கையில் எடுத்தபோதுதான், அண்ணி வாயைப் பொத்திய நாளுக்குப் பிறகு எனக்கு முதல் சொட்டுக் கண்ணீர் வந்தது.

அண்ணன் ஆசிட்டில் முக்கி எடுப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர்தான் அவன் ஊற்றுவான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு கையளவாகச் சல்லடையில் போட்டு முக்குவான், பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவான். நானோ அவள் வருவதற்குள் முடிக்கிற அவசரத்தில் சிப்பி மொத்தத்தையும் வாளியில் கொட்டி, கேனை அப்படியே கவிழ்த்தேன்.

பால் பொங்குவதுபோல நுரை பொங்கி வழிந்தது. புகை கிளம்பி என் கண்ணை மறைத்தது. இருமிக்கொண்டே கூடத்துக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வாளி சீறிக்கொண்டே இருந்தது. யாரோ மூச்சுக்குத் திணறுகிற மாதிரி இருந்தது எனக்கு. போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரியும், ஆனாலும் போகாமல் நின்றேன். சத்தம் அடங்கிய பிறகுதான் போனேன். வாளியில் சாம்பல் நிறத்தில் குழம்பு கிடந்தது. கையைச் சுட்டுக்கொண்டு துழாவினேன். நாலைந்து சங்கின் நடுத்தண்டு தவிர ஒன்றும் அகப்படவில்லை, அவையும் சுண்ணாம்பாக நொறுங்கின.

தெருவில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். அண்ணி. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. நெடியில் மூச்சு விசிலடித்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எப்ப வந்துச்சுக்கா? தெருமுனையிலயே ஆசிட் நெடி வந்துச்சு! எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா? எங்க கீது, பின்னாலயா?"

என்னைத் தாண்டிப் பின்னால் போனாள். அவிழ்த்த பையைப் பார்த்தாள், கவிழ்ந்த கேனைப் பார்த்தாள், வாளிக்குள் பார்த்தாள். அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு அந்தக் குரல் வந்தது. தெருவே திரண்டு வந்துவிட்டது. "நான் வந்து கழுவுறேன்னு சொன்னியே ராசா, அதுக்குள்ள உன் தங்கச்சி ஒண்ணுமில்லாம பண்ணிட்டாளே! இனிமே நீ எதுக்கு வருவ, உனுக்கு இங்க இன்னா வேல கீது!"

இரண்டு மாதமாக நான் கேட்கத் தவித்த ஒப்பாரி அது. அதில் கடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, பழி எல்லாம் என் மேல்தான். இளைப்பு ஏறி அவள் துவண்டபோது அவள் முதுகைத் தேய்த்துவிட்டபடி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை.