வெட்டாத வளையம்

இது நடந்த கதை. சத்தியமாக நடந்தது. ஆனால் என் வாய்க்குள் போன எதுவும் போன அளவிலேயே வெளியே வராது என்பது எங்கள் கப்பல் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்: துறைமுக அதிகாரியின் தொப்பை நான் சொல்லப்போகும் அளவுக்குப் பெரியதல்ல. புயலையும் கொஞ்சம் ஊதியிருக்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே நடந்தது. நேற்று மதியம் பட்டறையின் சாப்பாட்டுக் கூடத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

கதை எங்கள் பெயிண்டரைப் பற்றியது. ஆள் நின்றால் ஏணி, உட்கார்ந்தால் மடக்கி வைத்த ஏணி. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கும் ஒதுங்காதவர். ஆனால் கப்பலின் மூக்கில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து கப்பலின் புதுப் பெயரை அவர் எழுதினால், கடலில் போகிற மீன்கூட நின்று படித்துவிட்டுப் போகும்.

கப்பலுக்குப் பெயர் எதற்கு மாறும் என்று கேட்பீர்கள். முதலாளி மாறினால் பெயர் மாறும். எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வந்த ஒரு பழைய கப்பல் இருந்தது. ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் போகும். கட்டியவர் தன் மகளை நினைத்து ‘இளவரசி’ என்று வைத்தார். அந்த மகள் அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரோடு போய்விட்டாள். மனிதர் கப்பலையே விற்றுவிட்டார். வாங்கியவர் ‘கடல் ரோஜா’ என்று வைத்தார். அந்தப் பெயரோடுதான் அது நெடுங்காலம் ஓடியது. தெருவில் எல்லோருக்கும் அது ரோஜாதான். அப்புறம் வந்த முதலாளிக்குப் பூவெல்லாம் பிடிக்கவில்லை. ‘முன்னேற்றம்’ என்று எழுதச் சொன்னார். அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

பெயர் மாற்றுவது மூக்கில் மட்டும் எழுதுகிற வேலையல்ல. பின்புறம், படகுகள், மணி, உயிர்காக்கும் வளையங்கள் என்று எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். அதில் வளையத்துக்கு மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு. நைந்துபோன பழைய வளையங்களைப் பட்டறைக்குள்ளேயே ரம்பத்தால் வெட்டிப் போட்டுவிட வேண்டும். முழு வளையம் ஒன்று பெயரோடு கடலில் மிதந்தால், பார்க்கிறவன் அந்தக் கப்பல் முழுகிவிட்டது என்றுதான் நினைப்பான்.

ரோஜா ‘முன்னேற்றம்’ ஆனபோது, பெயிண்டர் அதன் பழைய வளையங்கள் எல்லாவற்றையும் வெட்டினார். ஒன்றைத் தவிர. அதைத் தன் மனைவியின் தம்பிக்குக் கொடுத்தார். மச்சான் அப்போதுதான் சின்னப் படகு ஒன்று வாங்கியிருந்தார். “பேர அழிச்சுட்டுக் கட்டுடா” என்று சொல்லித்தான் கொடுத்தார். மச்சான் அழிக்கவில்லை. பெரிய கப்பலின் பெயர் தன் படகில் தொங்குவது அவருக்குப் பெருமை.

பிறகு அந்தப் புயல் வந்தது. எங்கள் வீட்டுக் கூரை பக்கத்து வீட்டுக்கும், பக்கத்து வீட்டுக் கூரை எங்கள் வீட்டுக்கும் இடம் மாறின என்று வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் படகோடு திரும்பிவிட்டார், வளையம் இல்லாமல். கொஞ்ச நாளில் அது கரையில் ஒதுங்கியது. ‘கடல் ரோஜா’ என்று பளிச்சென்று எழுதி. அந்தக் கப்பலோ வந்திருக்க வேண்டிய நாள் தாண்டியும் வரவில்லை. கம்பியில்லாத் தந்தியிலும் சத்தமில்லை.

அதிகாரி பட்டறைக்கு வந்தார். தொப்பை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

“பழைய வளையத்தையெல்லாம் என்னய்யா பண்ணின?”

“வெட்டிட்டேன் சார்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும் சார்.”

அவ்வளவுதான். பட்டறையிலிருந்து வளையம் வெளியே போகவில்லை என்றால், அது கப்பலிலேயே மிஞ்சிக் கிடந்த பழையது. அது மிதக்கிறது என்றால் கப்பல் முழுகிவிட்டது. இப்படிக் கணக்குப் போட்டு, தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் பெயிண்டர் சொன்ன ஒரு வார்த்தை, கப்பலில் இருந்த அத்தனை பேரையும் சாகடித்துவிட்டது.

அதில் ஒருவர் கப்பலின் சமையல்காரர். அவர் மனைவி பெயிண்டரின் எதிர்வீட்டில் இருந்தாள். அவள் அழுத சத்தம் அவர் வீட்டுச் சமையலறை வரை வந்தது. சோற்றைப் பிசைவார், அப்படியே கையைக் கழுவுவார். ஒருநாள் கேட்காமலே போய் அவள் வீட்டுக் கதவுக்கு வர்ணம் அடித்தார். மறுவாரம் ஜன்னல். அப்புறம் கோழிக்கூடு. கொஞ்சம் விட்டிருந்தால் கோழிக்கும் ஒரு பூச்சு அடித்திருப்பார். அவளோ தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்: “கூடப் பொறந்த அண்ணன்கூட இப்படிப் பாக்க மாட்டான்.” அதைக் கேட்டதும் மனிதர் எங்கள் தெருவையே விட்டுவிட்டு, சாக்கடைச் சந்து வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

துறைமுக வாசலில் கடலில் போனவர்களின் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. அதில் இந்தக் கப்பல்காரர்களின் பெயர்களை எழுத பெயிண்டரைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே நிலைகொள்ளாமல் அசைந்ததில் ஏணி ஆடியது. நான்தான் ஆட்டுகிறேன் என்று என்னையே திட்டினார். கேப்டன் பெயர் முடிந்தது, இன்ஜின்காரர்கள் பெயர் முடிந்தது. அடுத்தது சமையல்காரர். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வந்து நின்றாள்.

“அண்ணே, அவரு பேர மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க.”

“ஏன் தங்கச்சி?”

“பொண்ணு தூரத்துல வரும்போதே பாக்கட்டும். நர்ஸ் படிப்ப நிறுத்திட்டேன். சலவைக் கூடத்துக்குப் போறா. இந்த வழியாத்தான் தினம் போகணும்.”

பெயிண்டர் இறங்கி வந்தார். தூரிகை கையிலேயே இருந்தது, வர்ணம் அவர் காலில் சொட்டியது.

“எழுத முடியாதும்மா. அந்த வளையம் கப்பல்ல இருந்து வரல. நான்தான் வெட்டாம என் மச்சானுக்குக் குடுத்தேன். அவன் படகுல இருந்து விழுந்தது.”

“அப்போ அவரு இருக்காரா?”

“தெரியல. ஆனா செத்துட்டாருன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல.”

அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: “உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?”

“கரையில ஒதுங்குன அன்னிக்கே.”

நான் ஏணியைப் பிடித்திருந்தேனா, ஏணி என்னைப் பிடித்திருந்ததா தெரியவில்லை. அவள் ஏறிப்போய், காயாத பெயர்களின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பலகை முழுக்கக் கறுப்பானது. இறங்கி வந்தபோது அவள் வாயிலிருந்த ‘அண்ணே’ போய்விட்டது.

“நட, ஆபீசுக்கு.”

அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கி, என்னோடு துருச் சுரண்ட அனுப்பினார்கள். மறுபடியும் எல்லாத் துறைமுகங்களுக்கும் தந்தி போனது. தூரத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து பதில் வந்தது: ‘முன்னேற்றம் என்று எதுவும் இங்கே இல்லை, ஆனால் இன்ஜின் கெட்டுப்போய், வந்த இடத்திலேயே விற்கப்பட்டு, ‘வெள்ளி’ என்று பெயர் மாறிய ஒரு கிழட்டுக் கப்பல் நிற்கிறது, அதன் ஆட்கள் ஊருக்குப் போகவோ தந்தி அடிக்கவோ காசில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.’ எல்லோரும் வேறு கப்பலில் வந்து சேர்ந்தார்கள். சமையல்காரர் மகளின் நர்ஸ் படிப்பு இடத்தை மட்டும் அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இன்றுவரை அவள் இஸ்திரிதான் போடுகிறாள்.

அந்தச் சமையல்காரர்தான் இப்போது எங்கள் கூடத்தில் சமைக்கிறார். இந்தக் கதையை நான் சொன்னபோது கரண்டியோடு அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பெயிண்டர் மூலையில் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இந்தக் கூடத்தில் ஒரு நாளும் இரண்டாம் தடவை சோறு கேட்டதில்லை.

“இரு, இரு” என்றார் சமையல்காரர். “அன்னிக்கே தெரியும்னா சொன்ன?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் மனைவி அதை மட்டும் இவரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

“என்கிட்ட, தெரிஞ்ச உடனே ஓடிவந்து சொன்னாருன்னுதானே சொன்னா! யோவ் பெயிண்டரு, கோழிக்கூட்டுக்கு வர்ணம் அடிச்சப்பவே தெரியுமா உனக்கு? என் பொண்ணு படிப்ப நிறுத்தினப்பவே தெரியுமா?”

பெயிண்டர் தட்டைத் தள்ளி வைத்தார். “தெரியும்ணே.”

“என்னை அண்ணேன்னு கூப்பிடாதய்யா!”

வெல்டர் நடுவில் வந்தார். “விடுங்கண்ணே, கடைசியில சொன்னாருல்ல. அவரு சொல்லலன்னா இன்னும் அங்கயேதான் உட்கார்ந்திருப்பீங்க.”

“உன் பொண்ணா இருந்தா விடுவியாடா?”

“தப்பு ஆபீசர் மேல! ஒரு வளையத்தப் பாத்துட்டுத் தேடறத நிறுத்துவானா?”

“நிறுத்த வச்சது யாரு? இதோ, இவன்!”

கூடத்துக்கு மீன் கொண்டுவந்த மச்சானும் அங்கேதான் இருந்தார். அவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. “எனக்கு ஒரு வளையம் வேணும்னு நான் கேட்டேனா? மாமாவா கொண்டாந்து திணிச்சாரு.”

“பேர அழிக்கச் சொன்னேனா இல்லியாடா?” என்று பெயிண்டர் எழுந்தார். ஏணி முழு உயரத்துக்கு விரிந்தது.

“அவன எதுக்குய்யா திட்டற? எனக்குப் பதில் சொல்லு!” என்று சமையல்காரர் அடுப்படியைத் தாண்டி வந்தார். வெல்டர் அவர் இடுப்பைப் பிடித்தார், மச்சான் பெஞ்சில் ஏறினார், யாரோ குழம்புச் சட்டியைத் தட்டிவிட்டார்கள். ஆளாளுக்குக் கத்தியதில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை.