பாதம் தொட்டுப் பார்க்கிற நர்ஸ்

காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் அந்த நர்ஸ் முதலில் தொடுவது நோயாளிகளின் பாதத்தைத்தான். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கட்டில் கட்டிலாகப் போய், போர்வையை விலக்கி, கால் விரலைப் பிடித்தபடி, "தூங்கினீங்களா?" என்பாள். "அக்கா இத்தனை பேர் காலைப் பிடிச்சும் ஒரு புரமோஷன் கிடைக்கலையே" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் கை பெரும்பாலும் தப்பாது. "என்னமோ சரியில்ல டாக்டர்" என்று அவள் போனில் இழுத்தால், பழைய தலைமை நர்ஸ் அதை வாங்கி, "அவ சொன்னா வந்து பாத்துடுங்க" என்பார். அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு. அந்த அம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கெட்டவர் இல்லை, பாவம். மேலே இருப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே வளர்ந்தவர். அவருக்கு எல்லாம் எண்ணில் தெரிய வேண்டும். சில்லிட்ட காலை எந்த எண்ணில் எழுதுவது?

வயிற்றில் ஆபரேஷன் முடிந்திருந்த தையல்காரர், அவள் கால் விரலைத் தொட்டாலே, "அளவு எடுத்தாச்சா?" என்பார். மூன்றாம் நாள் கேட்கவில்லை. விரல்கள் சில்லிட்டிருந்தன. கண்ணாடியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிரஷர், நாடி எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"கால் ஜில்லுன்னு இருக்குன்னா சொல்லப் போறீங்க?" தலைமை நர்ஸ் தடுத்தார். "போன வாரமும் இப்படித்தான் கூப்பிட்டீங்க, ஒண்ணுமே இல்ல. ரெண்டு பேரும் திட்டு வாங்கினது போதாதா?"

போனை வைத்துவிட்டாள். ‘நிலை சீராக உள்ளது’ என்று தன் குண்டுக் கையெழுத்தில் எழுதினாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் தையல்காரர் போய்விட்டார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. காலையிலேயே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. எழுதியதில் குறையில்லை என்பதால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

மகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கண்ணாடி இன்னும் அந்தப் பெண்ணின் கையில்தான் இருந்தது.

"ஏதாவதுன்னா அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிடும்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு. உங்களுக்கே தெரியலைன்னா, வேற யாருக்கு அக்கா தெரிஞ்சிருக்கும்?"



"ஆமாம்மா, யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.