வினாத்தாள் ஃபோல்டர்

1. சத்தம்

ஹார்ட் டிஸ்க் சாகப்போகும்போது ஒரு சத்தம் போடும். உள்ளே யாரோ நகத்தால் தட்டுவது போல, டிக், டிக் என்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது, அந்தச் சத்தம் கேட்டால் உடனே வயரைக் கழற்றுங்கள் என்பதைத்தான். ஆனால் சனம் எங்கே கேட்கிறது? கழற்றி மாட்டி, குலுக்கிப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, எல்லாக் கூத்தும் முடிந்த பிறகுதான் நம்மிடம் வருவார்கள். வந்து, "சின்னப் பிழைதான், ஒருக்கா பாருங்க" என்பார்கள்.

போர் கடுமையாக நடந்த காலத்தில் நான் கண்டி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தேன். வத்தேகமவிலிருந்து தினமும் பஸ். முதலாளி கம்பளைக்காரர், முஸ்லிம் வியாபாரி, நல்ல மனிதர். டேட்டா ரிகவரி, அதாவது செத்த டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்பது என்றால் மட்டும் அவருக்கு எரிச்சல் வந்துவிடும். "டிஸ்க் செத்தா புதுசு ஒண்டு விக்கிறதுதான் நம்மட வேல. செத்த மையத்த எழுப்பி உக்கார வெக்கிற வேல நமக்கு வாணாம்" என்பார். அதனால் அந்த வேலைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களின் வீட்டுக்கே போய்ச் செய்துகொடுப்பேன்.

அப்படித்தான் கணித ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்து, முதலாளி தொழுகைக்குப் போகும்வரை காத்திருந்து, என்னிடம் மெதுவாகக் கேட்டார். யாழ்ப்பாணத்தவர், ஓய்வு பெற்றவர். தெல்தெனிய போகும் வழியில் வாடகை வீடு.

"எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒண்டு பழுதாப் போச்சு தம்பி. வீட்டுக்கு வந்து பாப்பீங்களோ?"

"இங்க கொண்டாந்தா லேசு சார்."

"பாலத்தடியில செக் பொயின்ட் கிடக்கு. பையைத் திறந்து பாப்பாங்கள். வேண்டாம்."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

2. அரிசி மணி

அந்தக் காலத்தில் எனக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. கஸ்டமரின் ஃபைல் எதையும் திறக்க மாட்டேன். படங்கள் சின்னச் சின்னதாகத் தெரிகிற வியூவை நிறுத்திவிட்டு, பெயர் மட்டும் தெரிகிற லிஸ்ட் வியூவில்தான் கொப்பி பண்ணுவேன். நாளைக்கு யாராவது பிடித்து வைத்து, "அதுல என்ன இருந்திச்சு?" என்று கேட்டால், "தெரியாது" என்று உண்மையாகவே சொல்லலாம். எனக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் பாதுகாப்பு. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பிழைத்தோம்.

ஆசிரியரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லெப்டொப்பை வைத்தேன். அவருடைய மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டார். டிஸ்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் யூஎஸ்பி துளைக்குள் ஒரு அரிசி மணி.

"எப்படிப் பழுதாச்சு சார்?"

"மேசையில இருந்து விழுந்திட்டுது."

மேசையில் அரிசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆமி சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேட வரப்போகிறது என்று கதை அடிபட்டால் தமிழ்ச் சனம் எதை எதையோ அரிசி வாளிக்குள் புதைத்த காலம் அது. அவசரத்தில் எடுக்கும்போது கைநழுவியிருக்கும். ஊசியால் மணியை எடுத்தேன். கேசிங்கைக் கழற்றி, டிஸ்கை நேராக வேறொரு கேபிளில் மாட்டினேன். டிக் டிக் என்றது. கொஞ்ச நேரத்தில் டிரைவ் தெரிந்தது.

இன்றைக்கென்றால் முழு டிஸ்கையும் முதலில் அச்சு அசலாக ஒரு இமேஜ் கொப்பி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அன்று என்னிடம் இருந்த காலி டிஸ்க் அதற்குப் போதாது. ஃபோல்டர் ஃபோல்டராகத்தான் எடுக்க வேண்டும்.

"சார், இது எப்ப நிக்கும்னு சொல்ல ஏலாது. எது முக்கியமோ அத மொதல்ல எடுப்போம். எது?"

அவர் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "எல்லாம் ஒண்டுதான் தம்பி. நீங்களே பாத்து எடுங்கோ."

திரையில் இருந்த ஃபோல்டர்கள்: காணி உறுதி, பென்சன், 'லண்டன் கலியாணம்' என்றொரு வீடியோ, கோயில் படங்கள், 'வினாத்தாள்'. எந்த ஆளைக் கேட்டாலும் அந்த வரிசையில்தான் எடுப்பார்.

"வினாத்தாள்னா பாஸ்ட் பேப்பர்தானே, கடையிலயும் கெடைக்கும் சார். அத கடைசியா எடுக்கிறேன்."

அடுக்களை வாசலில் நின்ற அந்த அம்மா, "அதையும் எடுக்கலாமே தம்பி" என்றார்.

"அவர் எடுப்பார். நீர் சும்மா இரும்" என்று ஆசிரியர் சொன்னார். குரல் உயரவில்லை. ஆனால் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

3. கடைசி ஃபோல்டர்

காணி உறுதி வந்தது. பென்சன் வந்தது. லண்டன் கலியாண வீடியோ, யாரோ சொந்தக்காரருடையதாம், பெரிய ஃபைல். வரவர டிஸ்க் மெதுவாகி, தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடேறியது. மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தோம். கோயில் படங்களும் எப்படியோ வந்து சேர்ந்தன. பிறகு வினாத்தாள். கணிதம் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று சில ஃபைல்கள் வந்தன. திடீரென்று டிக் டிக் சத்தம் பலத்தது. டிரைவ் திரையிலிருந்து காணாமல் போனது.

"பரவாயில்ல சார், பெரும்பாலும் எடுத்தாச்சு" என்று நான் சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அம்மா வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"நாங்கள் பிள்ளையை அதுக்குள்ள வச்சிருந்தனாங்கள் தம்பி."

ஒரே மகன். மாமனைப் பார்க்க சண்டை நடந்த வன்னிக்குப் போனவன், போரில் பாதை மூடியதோடு அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். கடிதமும் இல்லை, டெலிபோன் கோலும் இல்லை. அயலில் எல்லோருக்கும், மகன் லண்டனில் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து தேடுகிறவர்கள் இளம் பெடியன் ஒருவனின் படத்தைக் கண்டால், "இவன் இப்ப எங்க?" என்று கேட்பார்கள். வன்னியில் என்றால் புலிகளோடு சேர்ந்தவன் என்பார்கள். அதற்குப் பயந்து, பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் ஸ்கேன் பண்ணி, வினாத்தாள் என்று பெயர் போட்டு, மேலே உண்மையான வினாத்தாள்களை வைத்து மறைத்திருந்தார் ஆசிரியர்.

"போட்டோ அல்பங்களை அடுப்பில போட்டது நான்தான்" என்றார் அம்மா.

கேபிளை மாற்றினேன். டிஸ்கைக் கவிழ்த்து வைத்தேன். ஆறவிட்டு மறுபடி மாட்டினேன். அது எழும்பவே இல்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். வயது போன மனிதர் என்றும் பார்க்கவில்லை.

"உங்களை நம்பேல்லை எண்டில்லை தம்பி. பழைய பேப்பருக்கு ஏன் இந்த அவதி எண்டு கேட்டா, என்ன சொல்றது?"

நான் கேட்டிருக்க மாட்டேன். யாரிடமும் எதையும் கேட்காதவன் என்று பெயர் வாங்கிய ஆள் நான். அது அவருக்கு எப்படித் தெரியும்? வெளிநாட்டில் டிஸ்கைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுக்கும் ஆய்வுகூடம் இருக்கிறது என்று சொன்னேன். பார்சல் பண்ணினால் தபாலில் திறந்து பார்ப்பார்கள் என்று மறுத்துவிட்டார்.

சாமான்களை அடுக்கும்போது அம்மா கேட்டார்.

"வந்த பேப்பருகளை ஒருக்கா திறந்து காட்டுவீங்களோ? மாறிக் கீறி ஒரு படம் வந்திருக்குமோ?"

முதல் தடவையாக என் வேலைமுறையை மீறி, ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் கணக்கு. அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் ஆள் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசிக்கு முந்திய பேப்பரில், ஓரத்தில் பென்சிலால் யாரோ கணக்குச் செய்து பார்த்திருந்தார்கள்.

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். மகன் பரீட்சைக்குப் படித்த பேப்பர் அது. ஸ்கேன் பண்ணும்போது அவர் கவனிக்கவே இல்லை.

"இந்த இடத்தில எப்பவும் மைனஸை விட்டிடுவான்" என்றார். "எத்தினை தரம் அடிச்சிருப்பன்."

அந்தப் பக்கத்தை மறுநாள் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போர் முடிந்தது. மகன் வரவில்லை.

4. இப்போது

இன்று எனக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது. டிக் டிக் என்ற டிஸ்கோடு யார் வந்தாலும், முதலில் டிரைவைத் திரையில் தெரிய வைப்பேன். பிறகு எழுந்து மவுஸை அவர்கள் கையில் கொடுப்பேன். "எது வேணுமோ அத நீங்களே மொதல்ல இழுத்துப் போடுங்க. நான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் போய் நின்றுகொள்வேன்.

என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். இப்போது யார் சார் பயப்படுகிறார்கள் என்று கேட்பார்கள். பயப்படுகிறவர் அதைச் சொல்லிக்கொண்டு கடைக்கு வரமாட்டார். அதனால்தான் எல்லோருக்கும் மவுஸைக் கொடுத்துவிட்டு வெளியே போகிறேன்.