ஒரு சாண்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் அவ்வாறே சொல்லிக்கொள்ளட்டும்; மறுத்து வாதிட எனக்குத் தெம்பில்லை. ஆயினும் இஃது என் கண்முன் நிகழ்ந்தது.

பள்ளிப் பணியில் ஓய்வு பெற்றபின், மருமகனின் துணிக்கடையில் சரக்கு இறங்குவதை மேற்பார்வையிட்டு வந்தேன். வணிக வளாகத்தின் நிலவறையே எங்கள் சரக்கறை. வளாகத்தின் மின்சார மெயின் போர்டும் அங்கேதான் இருந்தது. அதன்முன் ஆள் நின்று வேலை செய்வதற்கென்று, தரையில் மஞ்சள் கோடிட்டு இடம் ஒதுக்கியிருந்தனர். அன்று சரக்கு மிகுதி. அவ்விடத்திலும் அட்டைப்பெட்டிகளை அடுக்கச் சொன்னார் மருமகன்.

"கோட்டுக்குள்ள வைக்கக் கூடாதுப்பா."

"அது என்ன சாமி சன்னதியா மாமா, முன்னாடி எடம் விட? ரெண்டு நாள்தானே!"

எனக்கு அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டேன். போர்டுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் மிஞ்சியது.

மாலை ஆறரை மணி. வலிக்கும் முழங்காலோடு தனியே கீழே இறங்கினேன்.

டக்... டக்... டக்...

போர்டைத் தட்டும் ஓசை. பெட்டிகளுக்கு மேலே, நீலச் சட்டை அணிந்த இரு தோள்கள் தெரிந்தன. எலெக்ட்ரீஷியன் போலும்.

"எப்படிப்பா உள்ள போன?"

ஒரு பெட்டியும் நகர்ந்திருக்கவில்லை.

அந்த ஒரு சாணுக்குள்... முழு ஆள்.

மூச்சு முட்டும் குரல் எழுந்தது.

"எடம்... விடுங்க சார்..."

பெட்டிகளைப் பிடித்து இழுத்தேன். ஒன்று... மற்றொன்று... கடைசிப் பெட்டி...

யாருமில்லை.

அந்நொடியே மின்சாரம் போயிற்று.

மருமகன் கைவிளக்குடன் ஓடிவந்தார்.

"நகருங்க மாமா!"

மெயின் ஸ்விட்சை மேலே தள்ளினார்.

படார்!

நெருப்புச் சீறியது. அவர் துள்ளிப் பின்வாங்கி, நான் காலிசெய்த தரையில் மல்லாந்து விழுந்தார். புருவம் கருகியது. உயிர் தப்பியது.

மறுநாள் பழுதுபார்க்க வந்த எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன்.

"நேத்து நீலச் சட்டை போட்ட ஆளை அனுப்பினீங்களா?"

அவர் கை நின்றது.

"நீலச் சட்டை எங்க மேஸ்திரிதான் சார் போடுவாரு. முன்ன ஒருவாட்டி இதே போர்டு இப்படியே வெடிச்சுது. அப்ப இருந்த கடைக்காரங்க பெட்டியா அடுக்கி வச்சிருந்தாங்க. ஒடம்ப ஒடுக்கி உள்ள நுழைஞ்சாரு... பின்வாங்க எடமில்லாம அங்கேயே போயிட்டாரு. அப்புறந்தான் இந்த மஞ்சள் கோடே போட்டோம்."

"எவ்வளவு எடம் இருந்துச்சு?"

அவர் கைவிரல்களை அகல விரித்துக் காட்டினார்.